ஸீனத் தாத்தாவின் இடுப்பில் என் மகள்

செய்தி எனக்கு வரவில்லை. என் மகளுக்குத்தான் போனது. ஸீனத் தாத்தாவின் வீடு என் வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனாலும் விடியற்காலையில் அவருடைய மகள் ருஸ்னா முதலில் அழைத்தது, கொழும்பில் தாதியாக வேலை செய்யும் என் மகள் தர்ஷினியை. அவள்தான் எனக்கு அழைத்து, “அம்மா, உம்மா போயிட்டாங்க” என்று விம்மினாள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். பக்கத்து வீட்டு மரணம் கொழும்பைச் சுற்றிக்கொண்டா என் வீட்டுக்கு வர வேண்டும்?

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஸீனத் தாத்தாவிடம் பிள்ளையை இறக்கிவிட்டு, கண்டி பஸ்ஸுக்கு ஓடிய பெண்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் அவர் தாத்தா. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நம் பிள்ளைகளுக்கோ அவர் உம்மா. பெற்றவள் ஒருத்தி இருக்க, இன்னொருத்தியை உம்மா என்று கூப்பிடுவதைக் கேட்டு உங்களுக்கு வயிறு எரியவில்லை என்றால் நீங்கள் பெரிய மனசுக்காரர்கள். எனக்கு எரிந்தது.

டவுனில் மருந்து விற்கும் ஒரு பாமசியில் எனக்கு வேலை. பிரசவ லீவு முடிந்தபோது பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. அம்மா உயிரோடு இல்லை. மாமியார் ஹந்தானைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். ஸீனத் தாத்தாதான் வாசலில் வந்து நின்று பிள்ளையைக் கேட்டு வாங்கினார். “புள்ள என்ட மடியில ஈக்கட்டும். நீங்க பஸ்ஸப் புடிங்க” என்றார். அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்ட கை இறங்குவதற்குள் பொறாமை தொடங்கிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாலையில் நான் போய் நின்றால் தர்ஷினி அவர் இடுப்பை விட்டு இறங்கமாட்டாள். நான் ஊட்டும் பிட்டைத் துப்புவாள். அவர் கஞ்சியைக் கிண்ணத்தோடு நக்குவாள். தலையில்கூட அவர் வீட்டு எண்ணெய் வாசம். என் பக்கம் இழுக்க, டவுன் பேக்கரியிலிருந்து சீனிப் பணிஸ் வாங்கிப் போனேன். என் மகள் அதைச் சமர்த்தாக வாங்கினாள், இரண்டாகப் பிய்த்தாள், பெரிய துண்டை அவர் வாயில் ஊட்டினாள். அவரும் மறுக்காமல் சாப்பிட்டார். அந்தப் பணிஸ் எனக்கு இன்றைக்கும் செரிக்கவில்லை.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், இனி வேலையை விட்டுவிட்டு நானே பிள்ளையைப் பார்க்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வேலையும் எனக்கு உயிர்தான். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும்போதுதான் நான் யாரென்று எனக்கே தெரியும். ஆனால் பிள்ளை கைவிட்டுப் போகிறாளே! அவர் கெஞ்சவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. “எரிச்சல்ல வேலய உட்டா, எரிச்சல் அப்பிடியே ஈக்கும், வேல மட்டும் ஈக்காது” என்றார். பிறகு, நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவுதானே, அலுமாரிக்குப் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திவிட்டு நீங்கள் எதிரில் உட்கார்ந்து பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் அப்படியே உட்கார்ந்தேன். தர்ஷினி அலுமாரியை விட்டாள். தள்ளாடித் தள்ளாடி நடந்து என் மடியில் வந்து விழுந்தாள். முதல் நடை! என்னை நோக்கி! ஓடிப்போய்ச் சொன்னபோது ஸீனத் தாத்தா வாயைப் பொத்திக்கொண்டு, “அல்லாஹ்வே, மெய்யாவா?” என்றார். லீவு முடிந்ததும் நான் வழக்கம்போல் பஸ் ஏறினேன். ஓய்வு பெறும்வரை அந்தக் கவுண்டரை விடவில்லை. எதை இழந்தாலும் அந்த நடை என்னுடையது என்ற தைரியம்தான் காரணம்.

மையத்து வீட்டில், ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துப் போன பிறகு, பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தோம். அழுகை அடங்கிப் பேச்சு வந்தது. தன் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னிடம்தான் முதலில் நடந்து வந்தான் என்றாள் ஒருத்தி. தன் மகளும் ஞாயிறுதான் என்றாள் அடுத்தவள். இன்னொருத்திக்குத் தைப்பொங்கல் லீவு. எனக்குப் போயா. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதென்ன, இத்தனை பிள்ளைகளில் ஒன்றுகூட வேலை நாளில் நடக்கவில்லையா?

ருஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “எல்லாப் புள்ளயும் மொதல்ல இங்கதான் நடந்த. உம்மா எங்களச் சொல்ல உடமாட்டா. தாய் கண்டாத்தான் புள்ள நடந்த கணக்கு எண்டு சொல்லுவா.”

எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் என் அழுகை வேறு. பாவி மனுஷி, என்னிடம் மிச்சமிருந்த அந்த ஒன்றையும் அவர்தான் முதலில் பார்த்திருக்கிறார்! பார்த்துவிட்டு எனக்குத் தந்திருக்கிறார். செத்த பிறகு ஒருத்தியிடம் தோற்பது பெரிய கொடுமை, சண்டை போடக்கூட ஆள் இல்லை.

வெளியே வந்தால், சுகன்யா தன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் கேட்டருகே நின்றாள். கார்மெண்ட்ஸில் தைக்கிற பெண். ஸீனத் தாத்தா பார்த்துவந்த கடைசிப் பிள்ளை அவளுடைய கவின். “நாளைக்குப் போகாட்டி என்னை வேலையில இருந்து நிப்பாட்டிருவாங்க அக்கா” என்றாள். நான் யோசிக்கவில்லை. கையை நீட்டினேன்.

நேற்று மத்தியானம் கவின் பிடித்து நின்ற கதிரையை விட்டுவிட்டு முதன்முதலாக நடந்தான். என் சேலையைப் பிடிக்கும்வரை நடந்தான். மாலையில் சுகன்யா வந்தபோது என் கழுத்தை விடமாட்டேன் என்று அழுதான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பல வருஷம் நான் ஸீனத் தாத்தாவைப் பார்த்த பார்வை.

“இன்னைக்கு என்ன அக்கா செஞ்சான்?”

“ஒன்னுமில்ல. சாப்பிட்டான், தூங்குனான். ஞாயித்துக்கிழம லீவுதானே, அவன நிப்பாட்டிட்டு எதிர்ல உக்காந்து பாரேன்” என்றேன்.

ஸீனத் தாத்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பொய்தான். சுகன்யா ஓடிவந்து சொல்லும்போது நான் வாயைப் பொத்திக்கொண்டு ஆச்சரியப்பட வேண்டும். கண்ணாடி முன்னால் செய்து பார்த்தேன். அவர் அளவுக்கு எனக்கு வரவில்லை. அதிலும் எனக்குப் பொறாமைதான்.