கறுப்புப் பட்டையைக் கழுவியவர்கள்

என் அக்காவுக்குப் பாறைதான் உலகம். கடல் ஆய்வு நிலையத்தில் வேலை. கடல் உள்வாங்கும் நேரம் பார்த்துப் போய், சதுரமான மரச்சட்டம் ஒன்றைப் பாறைமேல் வைத்து, அதற்குள் எத்தனை சிப்பி, எவ்வளவு பாசி என்று மண்டியிட்டு எண்ணுவாள். முழங்கால் இரண்டும் காய்த்துப்போய்விட்டன. வீட்டுக் குளியலறை வாளியில் எப்போதும் ஏதாவது ஊர்ந்துகொண்டிருக்கும். "இந்த வீட்டுல குடியிருக்கிறது நானா, நத்தையா?" என்று அவள் கணவர், எங்கள் மாமா, தலையில் அடித்துக்கொள்வார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

அவள் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டது, அலை எட்டாத உயரத்தில் பாறை நெடுக ஓடும் ஒரு கறுப்புப் பட்டையை. யாரோ தார் பூசிவிட்டுப் போனதுபோல் இருக்கும். அது லைக்கன். பாசியும் பூஞ்சையும் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் உயிர். நகக்கண் அளவு பரவவே பல வருடம் பிடிக்கும். கல்லூரியை முடித்த கையோடு அதை அளக்க ஆரம்பித்தவள், இன்னும் அளந்துகொண்டுதான் இருந்தாள்.

அப்போதுதான் ஒரு கப்பல் கடலில் எண்ணெயைக் கொட்டித் தொலைத்தது. எங்கள் பாறைக்கு ஒரு சொட்டுகூட வரவில்லை. வந்தது துப்புரவுக் கூட்டம், கொதிநீரைப் பீய்ச்சும் குழாய்களோடு. அதற்கு ஓர் அதிகாரி. கசங்காத சட்டை, வெள்ளை ஷூ. அந்த ஆளுக்கு நான் வைத்த பெயர் பளிச்.

செய்தி கேட்டதும் அக்காவை பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

"சார், இது எண்ணெய் இல்ல. விரலால தேச்சுப் பாருங்க, கையில ஒட்டாது. உயிருள்ளது சார்."

பளிச் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான். "கறுப்பா இருக்கேம்மா. போட்டோ எடுக்க ஆளுங்க வராங்க. போட்டோவுல உயிருள்ளதுன்னு எழுதியா காட்டும்?"

தூ! விரல் அழுக்காகிவிடுமாம் துரைக்கு. சுற்றி நின்ற ஜால்ராக்கள் இளித்தார்கள். அக்கா பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு பேர் கையைப் பிடித்து அவளை நகர்த்தினார்கள். நான் பாய்ந்தேன். "டேய், விடுடா. உன்னையும் உள்ள தள்ளிடுவாங்க" என்றாள்.

கொதிநீர் பட்டதும் கறுப்பு, செதில் செதிலாக உரிந்து ஓடியது. கீழே ஒட்டியிருந்த சிப்பிகளும் நத்தைகளும் பிடி விட்டுப் பொலபொலவென்று விழுந்தன. அக்கா அழவில்லை.

போட்டோக்காரர்கள் வந்த அன்று நாங்களும் போயிருந்தோம். பாறை வெளுத்துக் கிடந்தது. வெந்த சிப்பிகள் இடுக்குகளில் அழுகி, கிட்டே போக முடியாத நாற்றம். பளிச் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"சே, என்ன நாத்தம் இது! எண்ணெய் இன்னும் முழுசா போகல போலிருக்கு. இன்னொரு தடவை அடிங்கப்பா."

அக்கா இடுக்கிலிருந்து ஒரு சிப்பியை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எண்ணெய் இல்ல சார். நீங்க அவிச்சதுதான் நாறுது."

அவன் ஷூவைப் பார்த்துக்கொண்டே இரண்டடி பின்னால் போனான். குழாய்க்காரன் மோட்டாரைப் போட்டான்.