கஞ்சி போட்ட இறக்கை

என் அக்காள் புருஷனுக்குக் கிழங்கு மில்லில் வேலை. கல்வராயன் மலையிலிருந்து லாரியில் இறங்கும் மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுக்கும் மில். பக்கத்தில் போனாலே புளித்த நாற்றம் அடிக்கும். அவர் சட்டையிலும் அந்த நாற்றம் இருக்கும். அதைச் சொல்லியே என் அப்பா அவரைத் தள்ளி உட்காரச் சொல்வார். மாப்பிள்ளை என்றும் பார்க்கமாட்டார்.

ஒருநாள் மில்லுக்கு வந்த மெஷின் பாகத்தைச் சுற்றியிருந்த காகிதத்தில் ஒரு படம். ஒரு வெள்ளைக்காரன் வௌவால் மாதிரி இரண்டு பெரிய இறக்கைகளுக்கு நடுவில் தொங்கிக்கொண்டு மேட்டிலிருந்து குதிக்கிறான். மேனேஜர் படித்துச் சொன்னாராம்: என்ஜின் வைத்த விமானம் வருவதற்கு முன்னால் இப்படித்தான் குச்சியும் துணியும் கட்டிப் பறந்து பழகினார்களாம்.

“குச்சியும் துணியும் நம்மகிட்ட இல்லியா மச்சான்?” என்று என்னைக் கேட்டார்.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். அவர் மூன்றாவது வரை. ஆனால் மூங்கிலைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உள்ளே பொந்தாக இருப்பதுதான் கனமில்லாதது. அதையும் தணலில் வாட்டித்தான் வளைக்க வேண்டும், அவசரப்பட்டால் வெடித்துவிடும். அப்படி நாங்கள் வெடிக்கவிட்ட மூங்கிலில் ஒரு மாட்டுக்கொட்டகையே போட்டிருக்கலாம். துணிதான் சிக்கல். வேட்டித் துணி காற்றை வெளியே விட்டுவிடும். கிழங்கு மாவைக் கஞ்சி காய்ச்சி மூன்று தடவை பூசினார். காய்ந்த பிறகு தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தது.

“ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாது. கஞ்சி போச்சின்னா றெக்க இல்ல, வெறும் வேட்டிதான்” என்றார்.

பறக்கிற அன்று, காற்று எப்படி வருகிறது என்று பார்க்க அவர் முன்னதாகவே மொட்டைப் பாறைக்கு ஏறிப் போய்விட்டார். களத்தில் இறக்கைக்கு நான் காவல். அப்பா எலுமிச்சம்பழம், கற்பூரம், ஒரு குடம் தண்ணீரோடு வந்தார்.

“புது வண்டி எறக்குறான், பூச போட வேணாமா?”

“போடுங்கப்பா. தண்ணி மட்டும் படக்கூடாதுன்னு மாமா சொல்லிக்கினு இருந்தாரு.”

“கழுவாத வண்டிக்கு எவன்டா பூச போடுவான்? டிராக்டரயே கழுவித்தானே பொட்டு வைக்கிறோம். இது இன்னா அதவிட ஒசத்தியா?”

மாட்டைத் தேய்ப்பது போலத் தேய்த்துக் கழுவினார். வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் ஓடியது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாவது குடத்தை மொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். வெயிலில் துணி சீக்கிரமே காய்ந்துவிட்டது.

மாமா இறங்கி வந்தார். நடு மூங்கிலில் இருந்த சந்தனப் பொட்டைப் பார்த்து, “ஒங்கப்பாவா வச்சாரு?” என்றார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அப்பா அவருக்காகச் செய்த ஒரே காரியம் அது. அவர் கண் கலங்கியது. பிறகு துணியைத் தட்டினார். சத்தம் வரவில்லை.

“தொளதொளன்னு இருக்குதே. தண்ணி கிண்ணி பட்டுச்சாடா?”

அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“இல்ல மாமா. காலையில பனி எறங்கியிருக்கும்.”

“பனின்னா மேல தூக்கிக்கினு போறதுக்குள்ள காஞ்சி வெறச்சிக்கும்” என்றார். பாறைமேல் அவர் ஓடினார். ஒரு பக்க இறக்கையைப் பிடித்துக்கொண்டு நானும் ஓடினேன். அவர் கால் தரையை விட்டதைப் பார்த்தேன். நாலு ஆள் நீளத்துக்கு மிதந்தார். அப்புறம் துணி வயிறு தொங்கியது. கல்லில் போய் விழுந்தார். தொடை எலும்பு முறிந்து, ஒரு கால் குட்டையாகிப் போனது.

“பூச போட்டும் வுழுந்தான்னா, அவன் வேல லட்சணம் அப்படி” என்றார் அப்பா. கடைத்தெருவில், “இன்னா ப்ளேனு, எத்தினி மணிக்குக் கெளம்புது?” என்று கேட்டார்கள். மில்லிலும் நிறுத்திவிட்டார்கள். தான் கட்டியதில்தான் கோளாறு என்று அவரே நம்பினார். மிச்சமிருந்த மூங்கிலை அடுப்புக்கு வெட்டிப் போட்டுவிட்டு, அக்காவோடு தியாகதுருகத்துக்குப் போய்ப் பெட்டிக்கடை வைத்தார்.

அப்பா செத்துப் பல வருஷம் ஆகிறது. செத்த பிறகாவது நான் போய்ச் சொல்லியிருக்கலாம். போன மாசம்தான் போனேன். அவர் கடையில் உட்கார்ந்து மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“தண்ணி ஊத்துனாரா, தேச்சாரா?”

“தேச்சாரு மாமா. ரெண்டு கொடம்.”

“அப்ப றெக்க தப்பில்ல.” கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே வைத்தார். “அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லியிருந்தின்னா நான் குதிச்சிருக்கவே மாட்டேன். வுழுந்தப்பறமாவது சொல்லியிருந்தின்னா, குட்டக் காலோட இன்னொன்னு கட்டியிருப்பேன்டா.”

“கட்டியிருந்தா இன்னொரு காலும் போயிருக்கும்” என்றாள் அக்கா உள்ளேயிருந்து. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள்.

“பஸ்ஸு வர்ற நேரம். அவனப் போகச் சொல்லு” என்றார் அவர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.