அப்பா வாங்கிக் கொடுத்த ரோத்தான்

பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோரைக் கூப்பிட்டால் பிள்ளை ஏதோ செய்துவிட்டது என்றுதான் பொருள். பத்து பெரண்டாம் என்ற எங்கள் ஊரின் வரிசை வீடுகளில் இதற்கு வேறு அர்த்தம் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆலோசனை ஆசிரியை வரச் சொன்னதாக அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னபோது, அப்பாவும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. தொழிற்சாலையில் அரைநாள் லீவு போட்டார். தைப்பூசத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். தெங்கேராவில் ஒரு மளிகைக் கடை முன் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் புது ரோத்தான் ஒன்று வாங்கினார். வாத்தியார் கையில் பிரம்பை நாமே வாங்கிக் கொடுப்பதுதானே பொறுப்புள்ள தகப்பனுக்கு அழகு. அம்மாவுக்குப் பகல் ஷிப்ட் என்பதால், இரண்டாம் வகுப்பில் இருந்த நானும் கூடப் போனேன். பின்னால் உட்கார்ந்து அந்தப் பிரம்பைக் கொடிபோலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்ததில் எனக்கு ஒரே பெருமை.

அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது. தமிழ்ப்பள்ளியை முடித்து, மலாய் போதாது என்று புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார்ந்து, அதன் பிறகு முதலாம் படிவத்துக்கு வந்தவள். சில மாதங்களாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவாள். அம்மா கண்ணேறு என்று சுற்றிப் போட்டார். அப்பா கொழுப்பு என்றார். எது அவளை அரித்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த ஒரே ஆள் அந்த மலாய்க்கார ஆலோசனை ஆசிரியைதான். ஓய்வு நேரத்தில் அக்கா அவரிடம் போய்ப் பேசி வந்தாள் என்பதே எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

ஆலோசனை அறை, கட்டொழுங்கு ஆசிரியரின் அறைக்கு அடுத்த கதவு. அப்பாவுக்கு அதுவே போதும். ஆசிரியை நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. ரோத்தானைச் சீர்த்தட்டு வைப்பதுபோல இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தார். நம்மவர்கள் காலங்காலமாக வாத்தியார்களிடம் சொல்வதைத்தான், ஆசிரியரை மலாயில் அழைக்கும் ‘சிக்கு’வும் சேர்த்து, தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், அந்தக் கடைத்தெருப் பேச்சில், சொன்னார்.

“கண்ணு ரெண்ட மட்டும் விட்ருங்க சிக்கு. மத்தபடி தோல உரிச்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்லா.”

தமிழில் அது மரியாதைப் பேச்சு. அந்த அம்மாவுக்கோ முகம் வெளுத்துவிட்டது. அடிக்கக் கூப்பிடவில்லை, இவள் ஒரு தப்பும் செய்யவில்லை, மனசுதான் சரியில்லை, டாக்டரிடம் காட்டுங்கள், தனியாக விடாதீர்கள் என்று மெதுவாகச் சொன்னார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அக்கா எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மேசைமேல் கிடந்த ரோத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா சிக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

ஆசிரியை இல்லை, இல்லை என்று அவள் கையைப் பிடித்தார். அக்கா கையை உருவிக்கொண்டாள்.

மனசு, டாக்டர் என்றாலே எங்கள் ஆட்களுக்குத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பேர் விழுந்தால் நாளைக்கு எவன் கட்டுவான் என்று அப்பா அம்மாவிடம் குமுறினார். அந்த அறைப் பக்கமே போகக்கூடாது என்று அக்காவுக்கு உத்தரவு போட்டார். அவள் போகவில்லை. அதைவிட ஆச்சரியம், அழுகையும் நின்றுவிட்டது. போட்டதைச் சாப்பிட்டாள், தலை சீவினாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிள்ளை திருந்திவிட்டது என்று அம்மா மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார். அடியாத மாடு படியாது என்பார்கள், இது ரோத்தானைக் காட்டியதற்கே படிந்துவிட்டது என்று அப்பா பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொண்டார்.

ஆண்டிறுதி விடுமுறைக்கு முன்பு ஒருநாள் அக்கா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள்.

துக்க வீட்டுக்கு அந்த ஆசிரியை வந்தார். உள்ளே வரத் தயங்கிச் செருப்புக் குவியலுக்கு அருகிலேயே நின்று அழுதார். அப்பா அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. எனக்குத்தான் பாவமாக இருந்தது. சொந்தமில்லாத ஒருவர் இப்படி அழுகிறாரே, ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. கிட்டே போய், பள்ளியில் படித்த மலாயைக் கூட்டிச் சேர்த்துச் சொன்னேன்.

“அழாதீங்க சிக்கு. நீங்க அப்பாவ கூப்புட்டுப் பேசுனதுலேருந்து அக்கா அழவே இல்ல. நல்லாயிட்டா.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல செய்தியைத்தானே சொன்னேன், இதற்கு ஏன் இன்னும் அதிகமாக அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.