சாயம் குடித்த கஞ்சி

கஞ்சி சாயத்தைக் குடிக்கும் என்று எனக்குத் தெரியவந்தபோது நான் நாலாம் வகுப்பு. அப்பா ஒருவரைத் திட்டிக்கொண்டிருந்ததில்தான் தெரிந்தது. சங்கரன்கோவில் விசைத்தறிகளுக்கு நூலுக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்பது அவர் தொழில். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. அன்று ஒரு தறிக்காரர், கஞ்சி போட்ட நூலை அலசாமலே கொண்டுவந்துவிட்டார்.

"இப்பிடிக் கொண்டாந்தா எப்பிடி அண்ணாச்சி? கஞ்சி பூரா சாயத்தையும் குடிச்சிரும்லா! நூலுக்கு என்ன மிஞ்சும்?"

நூலைப் பற்றி எனக்கென்ன கவலை? 'குடிச்சிரும்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அந்த வாரம் எங்கள் வீட்டிலிருந்த ஒரே பிரச்சினை, சாயத்தை வேறொரு ஆள் குடித்ததுதான். அம்மாவின் வெள்ளாட்டுக்குட்டி.

அம்மா திருவேங்கடம் பக்கம் ஆடு வளர்க்கும் வீட்டுப் பெண். பட்டறைக் கழிவுக் குழியின் தண்ணீர் கரிக்கும். ஆட்டுக்கு உப்பென்றால் உயிர். குழியில் வாய் வைத்த குட்டி, சிவந்த மூக்கோடு சுருண்டு கிடந்து ஒருவழியாக எழுந்தது. ஆனால் அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மூவரும் ஒரே அறையில் இருக்க, நான்தான் தபால்காரி.

"ஏட்டி, சோறு ஆறுதுன்னு உங்கப்பாட்ட சொல்லு."

"பசிக்கலன்னு உங்கம்மாட்ட சொல்லு மக்கா."

"பசிக்காது. குழியில ரெண்டு கை அள்ளிக் குடிச்சா பசிக்கும்னு சொல்லு."

ஒரு சொல் குறையாமல் சேர்ப்பித்தேன். ஒரே ஒரு தபாலை மட்டும் என்னால் கொடுக்க முடியவில்லை. "குழித்தண்ணி இப்பிடியே கெடந்தா, குட்டியக் கூட்டிக்கிட்டு நான் எங்க ஊருக்குப் போறேன்னு சொல்லு." குட்டியைக் கூட்டிப்போவாள், சரி. என்னை?

குழிக்குக் கஞ்சி கொடுத்தே ஆகவேண்டும் என்று முடிவுசெய்தேன். பள்ளிக்கூடத்தில் அட்டை ஒட்டுவதற்கென்று சொல்லி, அம்மாவைப் புளியங்கொட்டைக் கஞ்சி காய்ச்ச வைத்தேன். ஒரு வாளி குழித்தண்ணீரை மொண்டு, அதில் கஞ்சியை ஊற்றிக் கலக்கினேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்ன மக்கா இது?"

"கஞ்சி குடிச்சிரும்லாப்பா. சாயம் போயிரும். அம்மா ஊருக்குப் போகமாட்டா."

'சாயம் போகுமா?' என்று யார் கேட்டாலும் 'போகவே போகாது' என்று சத்தியம் செய்தே பிழைத்தவர் அவர். அன்று மட்டும், "ஓரமா வச்சிட்டுப் பள்ளிக்கூடம் போ. பாப்போம்" என்றார்.

சாயங்காலம் வந்து பார்த்தால், வாளியின் அடியில் சிவப்புக் கஞ்சி. மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீர்! அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் குனிந்தாள். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். பிறகு, நூலைப் பிழிவதில் வழக்கத்துக்கு மேல் மும்முரமாக இருந்த அப்பாவை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"குடிதண்ணிய இப்பிடியா கொட்டுவிய? அடுத்து குழாயில என்னைக்கு விடுவானோ!"

"பிள்ள ஆசப்பட்டுச்சு."

"குழிக்கு வேலி போடுவியளா, மாட்டியளா?"

"நாளைக்கே போடுதேன்."

அம்மா சிரித்துவிட்டாள். எனக்கோ ஆத்திரம். இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு வாளியில் நிற்கிறது; இவர்கள் குடிதண்ணீரையும் வேலியையும் பற்றிப் பேசுகிறார்களே! ஆனாலும் அன்றோடு தபால் வேலை போனதில் சந்தோஷம்தான். அதன்பின் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம்பிள்ள சாயத்தண்ணியவே தெளிய வச்சவ" என்று அம்மா கூசாமல் சொல்லுவாள். நானும் கூசாமல் நிற்பேன்.

கல்லூரியில் வேதியியல் எடுத்த பிறகு ஒரு வகுப்பில், சாயம் நூலைப் பற்றுவதற்காகத் தொட்டியில் உப்பை அள்ளிப் போடுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. கஞ்சி சாயத்தைக் குடிக்கலாம். உப்பைக் குடிக்காது. அம்மா அன்று 'குடிதண்ணி' என்று அப்பாவைக் கேட்டது நினைவுக்கு வந்தது. அம்மா நாக்கில் வைத்த அந்தத் தண்ணீர் கரித்திருக்கவில்லை.

இப்போது ஆய்வகத்தில் அதே புளியங்கொட்டைப் பசையைச் சிறு மணிகளாக்கிச் சாயத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். நானே கலக்கிய சாயத்தண்ணீர் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்புவரை வந்திருக்கிறது. கண்ணாடி மாதிரி இன்னும் இல்லை. அடுத்து, பட்டறையின் நிஜத் தண்ணீர் வேண்டும். போனில் கேட்டதும், திங்கட்கிழமை பஸ்ஸில் தானே ஒரு கேன் கொண்டுவருவதாக அப்பா சொல்லிவிட்டார்.

"சாயம் போகுமா மக்கா?" என்றும் கேட்டார்.

"பாப்போம்ப்பா" என்றேன்.

கேன் வந்ததும் முதலில் மணிகளைப் போடப்போவதில்லை. தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று அளந்து பார்க்கப்போகிறேன். கொண்டுவருகிறவர் அப்பா அல்லவா?