இரவல் பெஞ்சும் பழுப்புத்தாள் நோட்டும்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன் என்பதால் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஐந்து வருடத்துக்கு முன்பே வாயால் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் இது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த நேரம். வயல் வேலை குறைந்துபோய், லாரியில் வரும் இயந்திரப் பெட்டிகளை இறக்கும் கூலிகளாகியிருந்தோம். எங்கள் காலனியிலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் தண்டவாளம் தாண்டி மூன்று மைல். பெண் பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. பத்தாவது முடித்த பெண் ஒருத்தி எங்கள் சங்கத்துக் கொட்டகையில் சாயங்காலம் அவர்களுக்குப் பாடம் நடத்தினாள். சம்பளம் கிடையாது. என் மகள் எழுதப் பழகியது அங்கேதான்.

நோட்டு வாங்க வழியில்லை. இயந்திரங்களைச் சுற்றிக் கட்டி வரும் பழுப்புத் தாளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வருவேன். ஒரே அளவாக வெட்டிக் கோணி ஊசியால் தைத்துக் கொடுப்பேன். எண்ணெய் பட்ட இடத்தில் பென்சில் பிடிக்காது. பிள்ளைகள் அந்தக் கறையைச் சுற்றிக்கொண்டு எழுதுவார்கள்.

ஒருநாள் டீச்சர் என்னிடம், “தை மாசம் வரைக்கும்தாண்ணா. அப்பறம் கம்பெனி வேலைக்குப் போவணும். எங்க ஊட்ல உடமாட்டேன்றாங்க” என்றாள். அவளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாவிட்டால் வகுப்பு நின்றுவிடும். பட்டணத்தில் ஓர் அறக்கட்டளை இப்படிப்பட்ட வகுப்புகளுக்கு நிதி தருவதாகக் கேள்விப்பட்டுச் சங்கம் மனுப் போட்டது. பார்வையிட ஒரு அம்மா வருவதாகப் பதில் வந்தது.

எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தால் தெருவே சேர்ந்து அந்த வீட்டை நிரப்பும். பித்தளைக் குடம் ஒரு வீட்டிலிருந்து வரும், நாற்காலி இன்னொரு வீட்டிலிருந்து. வந்தவர்கள் போனதும் எல்லாம் திரும்பிப் போய்விடும். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. வருகிறவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. சங்கத் தலைவர் என் பெரியப்பா மகன். அவர் இதற்கும் அப்படியே செய்தார். மாதா கோயில் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சு, கரும்பலகை, தேசப்படம், அங்கே படிக்கும் பிள்ளைகளின் நோட்டுகள்கூட வந்து இறங்கின.

“இந்த அழுக்குத் தாளுங்கள உன் ஊட்ல கொண்டுபோய்ப் போடுபா. அந்தம்மா கண்ல படக்கூடாது” என்றார் என்னிடம்.

“அதுலதானண்ணா புள்ளைங்க எழுதுது.”

“பொண்ணு பாக்க வரசொல்ல கிழிஞ்ச பொடவையக் கட்டியா நிக்கவெப்ப? வருசத்துக்கு ஒருவாட்டி வாயத் தொறக்கற. அதையும் இன்னிக்கேவா தொறக்கணும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்த அம்மா வந்தார். நோட்டுகளைப் புரட்டினார். “ரொம்ப நல்லா நடத்துறீங்க” என்றார். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஸ்டேஷன் வரைக்கும் நீ கூடப் போ. நீதான் ஒளறமாட்ட” என்று என்னை அனுப்பினார்.

தெருவில் நடக்கும்போது அந்த அம்மா தனக்குத்தானே பேசுவதுபோல, “இங்க எல்லா வசதியும் இருக்குப்பா. எங்க நிதி ஒண்ணுமே இல்லாத ஊருக்குத்தான் போகணும்” என்றார்.

தெருக்கோடியில் என் வீடு. “கொஞ்சம் இருங்கம்மா” என்று சொல்லி உள்ளே போய் மூட்டையை எடுத்துக்கொண்டேன். ஸ்டேஷனில் அவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் வைத்து அவிழ்த்தேன். மேலே இருந்தது என் மகளின் நோட்டு.

வெகுநேரம் புரட்டினார். “இது யார் எழுதினது?”

“எம் பொண்ணும்மா.”

“அப்ப காலையில நான் பாத்ததெல்லாம்?”

“எரவலும்மா. பெஞ்சு, பலகை, நோட்டு எல்லாமே. தப்பா நெனச்சிக்காதீங்க. மரியாதைக்குப் பண்ணது.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “வாயால சொன்னா எங்க கமிட்டிக்குச் செல்லாது. எழுதிக் கொடு” என்றார். பழுப்புத் தாளிலேயே நாலு வரி எழுதினேன். எழுதி முடிக்கக் கைகாட்டி இறங்கி ரயில் வரும்வரை ஆயிற்று. அதையும் மகளின் நோட்டையும் அவர் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகள், “நைனா, என் நோட்டு எங்க?” என்றாள்.

“பட்டணத்துக்குப் போயிருக்கு.”

“எப்ப வரும்?”

“தெரியலம்மா.”

நோட்டு வரவில்லை. நிதி வந்தது. டீச்சருக்கு ஐந்து வருடச் சம்பளம். அண்ணன் தெருவெல்லாம் சொன்னார், “பாத்தியா, பெஞ்சு பண்ண வேலைய.” நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அவர் பெருமையைக் கெடுக்க மனமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான் உண்மை.

அந்த நிதி இந்த வருடத்தோடு முடிகிறது. தொடர்ந்து தரலாமா என்று பார்க்க வரும் வாரம் வேறொருவர் வருகிறார். அண்ணன் நேற்றே மாதா கோயிலுக்கு ஆள் அனுப்பிவிட்டார். இந்த முறை பீரோவும் கேட்டிருக்கிறாராம்.

இன்று சாயங்காலம் சங்கம் கூடுகிறது. இதை மகளிடம் கொடுத்து எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லப் போகிறேன். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. என் எழுத்தை அவள்தான் தடுமாறாமல் படிப்பாள். நான் வாசற்படி ஓரம் நின்றிருப்பேன். அண்ணன் என்னைத் திட்டினால் திட்டட்டும், பெஞ்சுகள் மட்டும் வர வேண்டாம்.

14.10.1979, ஞாயிற்றுக்கிழமை