எல்லைக் கம்பி மேல் உட்கார்ந்த டெல்மர்

டெல்மர் ஸ்ட்ரங்க் நெப்ராஸ்காவில் காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். காலமெல்லாம் வாடகை வீட்டில் இருந்தவரும்கூட. ஒரு வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார். இன்னொருவர் நாய் கூடாது என்றார். மூன்றாமவர், நாய் இருந்துவிட்டுப் போகட்டும், டெல்மர் அவ்வளவு சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்றார். ஓய்வு பெற்ற கையோடு அரிசோனாவின் மேற்கு ஓரப் பாலைவனத்தில் ஐந்து ஏக்கர் வாங்கி, தன் பழைய வீட்டு வண்டியைக் கொண்டுவந்து அதன் நடுவில் நிறுத்தினார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உள்ள வண்டி. இறங்கி நின்று, சுற்றிலும் ஒரு மனிதர் இல்லாத வெளியைப் பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நிலத்தை வாங்கிய விதம்தான் கொஞ்சம் வேடிக்கை. தரகர் காட்டக் கூட்டிவந்தது ஜூலை மாதம். அந்த மாதத்தில் அங்கே புத்தியுள்ள எவரும் காரை விட்டு இறங்குவதில்லை. தரகர் ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு மோவாயால் ஒரு பக்கம் காட்டினார். டெல்மர் அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். வேலி கிடையாது, கல் கிடையாது. வரைபடத்தில் சதுரம் சதுரமாக இருப்பது தரையில் வெறும் புதராக இருந்தது. நவம்பரில் குடிவந்தபோது, தட்டையான இடம், பச்சைத் தண்டுள்ள ஒரு பாலோ வெர்டே மரம், ஓரத்தில் வறண்ட ஓடை என்று ஓர் இடம் கண்ணில் பட்டது. தன் நிலம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். அப்படியே இருந்ததால் அங்கேயே நிறுத்திவிட்டார்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பனிக்குப் பயந்து ஓடிவரும் வீட்டு வண்டிக்காரர்கள் அவரைக் கண்டுபிடிக்க அதிக நாளாகவில்லை. டெல்மர் யாரிடமும் வாடகை கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு சுமை விறகு கொண்டுவந்தால் போதும். கூடவே அவருடைய விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். சொந்த நிலம் வந்ததும் டெல்மருக்குள் இருந்த அத்தனை வீட்டுக்காரர்களும் ஒன்றாக விழித்துக்கொண்டார்கள். மாலை நாலு மணிக்கு மேல் ஜெனரேட்டர் ஓடக் கூடாது. காய்கிற துணி அடுத்தவர் கண்ணில் படக் கூடாது. வண்டிகள் பள்ளிப் பேருந்து நிலையத்தில் நிற்பதுபோல ஒன்றுக்கொன்று இணையாக, கதவு கிழக்கே பார்க்க, மூக்குகள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். புதிதாக ஒருவர் பின்பக்கமாக வண்டியை ஓட்டி நிறுத்தும்போது மற்றவர்கள் மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். டெல்மர் இரண்டு கையையும் வீசி, விமானத்தை இறக்குகிறவர்போல வழிகாட்டுவார். அவர் கை காட்டியதை நம்பி ஓட்டிய தம்பதிகள் பலர் அன்று ராத்திரி ஒருவரோடொருவர் பேசவில்லை.

பன்னிரண்டாவது குளிர்காலத்தில் ஆர்டித் மினசோட்டாவிலிருந்து தன்னந்தனியாக ஒரு சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவளை டெல்மர் மூன்று முறை நகர்த்த வைத்தார். முதல்முறை மூக்கு வெளியே நீட்டியது. இரண்டாம் முறை வால் திரும்பியிருந்தது. மூன்றாம் முறை எது சரியில்லை என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அவள் மூன்று முறையும் நகர்த்தினாள். பிறகு இறங்கிவந்து, தான் நெடுநாள் தங்கப் போவதில்லை, இங்கே பக்கத்தில் எங்கேயோ தனக்கு ஒரு நிலம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்ததாகச் சொன்னாள். அவள் கணவர் மெர்ல் எப்போதோ தபால் மூலம் வாங்கிப் போட்ட நிலம். வசந்தத்தில் அவர் இறந்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரிந்தது.

ஒரு நிலச்சொந்தக்காரருக்கு இன்னொரு நிலச்சொந்தக்காரரைப் பார்த்தால் வருகிற பாசம் டெல்மருக்கு வந்துவிட்டது. கண்டுபிடித்துத் தருவது என் பொறுப்பு என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். தினமும் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு முள்ளுக்குள் நடந்தார். அவள் கையில் இருந்த செல்போன் ஒவ்வொரு நாளும் அவர்களை வட்டமடித்துக் கூட்டிவந்து, டெல்மரின் இறைச்சி சுடும் கல் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, இதுதான் உன் நிலத்தின் மூலை என்றது. வெயிலில் போனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று டெல்மர் அதன்மேல் தன் தொப்பியைக் கவிழ்த்து வைத்தார். மறுநாள் குளிர்சாதனப் பெட்டியிலும் வைத்துப் பார்த்தார். குளிர்ந்த போனும் அதையேதான் சொன்னது.

ஆர்டித்துக்கு ஒரு யோசனை வந்தது. நிலத்தை அளந்தவர்கள் மூலைக்கு மூலை இரும்புக் கம்பி அடித்து, தலையில் ஒரு மூடி போட்டு, எந்தப் பக்கம் எந்த நிலம் என்று எண் பொறித்திருப்பார்கள். முகாமில் வெண்டல் என்று ஒரு பல் மருத்துவர் இருந்தார். ஆயுள் முழுக்கப் பல் பிடுங்கிவிட்டு இப்போது மண்ணுக்குள் தங்கம் தேடுகிறவர். உலோகம் இருந்தால் கீச்சிடும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. இதுவரை கிடைத்த ஒரே தங்கம் யாரோ தொலைத்த ஒரு பல்தான். தொழில் அவரை விடவில்லை. நாலு மணிக்கு எல்லோரும் கூடும்போது அடுப்புப் பக்கம் ஒருமுறை கருவியை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஆர்டித் கேட்க, வெண்டல் சரி என்றார்.

டெல்மருக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. கவலை இல்லை என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளலாம் என்று மட்டும் நினைத்தார். மதியம் எல்லோரும் தூங்கும் நேரத்தில் வெண்டலின் கருவியை எடுத்துப்போய் அடுப்படியில் ஓட்டினார். கீச்சென்றது. ஒரு கையளவு மண்ணைத் தள்ளியதும் மூடி தெரிந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தார். நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு ஓடைப் பக்கம் அவருடைய எண். மரம், அவர் நட்ட கொடிக்கம்பம், விதிகளை எழுதி மாட்டிய பலகை, வரிசையாக மூக்கு நீட்டி நின்ற அத்தனை வண்டிகளும் இருந்த பக்கம் ஆர்டித்தின் எண்.

டெல்மர் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே மேடும் பள்ளமுமாக, கண்ணுக்கு எட்டிய வரை தாவும் கள்ளி. பக்கத்தில் போனாலே துண்டு துண்டாகப் பிய்ந்து ஆள்மேல் ஒட்டிக்கொள்கிற சாதி. இத்தனை வருடமாக, அந்தக் கண்றாவி எந்த முட்டாளுடைய நிலமோ என்று வந்தவர்களிடமெல்லாம் கைகாட்டிச் சிரித்திருந்தார்.

மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினார். கருவியை இருந்த இடத்தில் வைத்தார். தன் மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து கம்பிக்கு நேர்மேலே விரித்து உட்கார்ந்தார்.

நாலு மணிக்கு ஆளாளுக்கு நாற்காலியும் ஒரு பாத்திரமுமாக வந்தார்கள். டெல்மர் வழக்கம்போல எழுந்து இடம் காட்டவில்லை. யாரோ ஜெனரேட்டரை அணைக்க மறந்திருந்தார்கள், அதற்கும் எழவில்லை. வெண்டல் கருவியை ஆட்டிக்கொண்டு வந்தார். அடுப்பைச் சுற்றிவந்தபோது பேசாமல் இருந்த கருவி, டெல்மரின் நாற்காலியை நெருங்கியதும் அலறியது.

"நாற்காலி இரும்புப்பா," என்றார் டெல்மர்.

வெண்டல் குனிந்து பார்த்தார். "மரமும் துணியும்."

"அப்ப என் இடுப்பு. உள்ள ஸ்டீல் வச்சிருக்கு."

முகாமில் பெர்னடீன் என்று ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ். அடுத்தவர் உடம்பைப் பற்றிப் பேச்சு வந்தால் அவள் காதுகள் தானாக நிமிரும். "எந்த இடுப்பு?" என்று கேட்டாள்.

"இடது."

"போன வாரம் அந்த இடுப்பை ஆட்டி ஆட்டித்தானே டான்ஸ் ஆடினீங்க? எப்ப ஆபரேஷன்?"

டெல்மர், அது பழைய ஸ்டீல், நன்றாகப் பழகிவிட்டது என்றார். கொஞ்சம் எழுந்து தள்ளி உட்காரச் சொன்னார்கள். முதுகு பிடித்துக்கொண்டது, அசைய முடியவில்லை என்றார். அவ்வளவுதான், முகாமே அவர்மேல் விழுந்தது. பெர்னடீன் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து முதுகில் கட்டினாள். யாரோ குதிரைக்குப் போடும் தைலத்தைத் தேய்த்தார்கள். நாற்காலியோடு தூக்கி வண்டிக்குள் வைத்துவிடலாம் என்று நாலு பேர் கால் பக்கம் குனிந்தபோது டெல்மர் போட்ட கூச்சலில் நாய்கள் ஊளையிட்டன. மடியில் உருளைக்கிழங்கு சாலட், சோள ரொட்டி, மூன்று விதமான பீன்ஸ் என்று தட்டுகள் சேர்ந்தன. குடித்த எலுமிச்சைச் சாறு வேறு தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. அவர் காலைப் பின்னிக்கொண்டார்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்த வெண்டலிடம் மெதுவாக ஒன்று கேட்டார். தன் சிநேகிதன் ஒருவன், தெரியாத்தனமாக, அடுத்தவர் நிலத்தில் வெகுகாலம் குடியிருந்துவிட்டான். அவன் கதி என்ன?

"உரிமைக்காரன் கண்டுக்காம இருந்தா, இத்தனை வருஷத்துக்கப்புறம் சட்டம் உன் சிநேகிதன் பக்கம்தான் பேசும்னு நினைக்கிறேன்," என்றார் வெண்டல். "வாயை மூடிக்கிட்டு இருக்கச் சொல்லு அவனை. உன் சிநேகிதனால அது முடியுமா?"

"அவனுக்கு அது கொஞ்சம் கஷ்டம்," என்றார் டெல்மர்.

ஆனாலும் மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தார். இருட்டும் வரை உட்கார்ந்திருந்தால் போதும். கூட்டம் கலைந்ததும் கம்பியைப் பிடுங்கி ஓடைக்கு அப்பால் எறிந்துவிடலாம். அப்படி மனதுக்குள் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஆர்டித் வந்து, தன் சால்வையை அவர் தோளில் போர்த்தினாள்.

"மெர்லும் இப்படித்தான்," என்றாள். "வலிச்சா சொல்லவே மாட்டார். சும்மா உக்காந்திருப்பார். நிலம் வாங்கினதைக்கூடச் சொல்லலையே. அந்த மனுஷன் எனக்குன்னு என்னத்தை வாங்கி வச்சார்னு ஒருதடவை பாத்துட்டா போதும் எனக்கு."

டெல்மர் அவளைப் பார்த்தார். மடியில் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார்.

"எனக்கு முதுகெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார். எழுந்தார், நாற்காலியைத் தள்ளினார், குதிகாலால் மண்ணை விலக்கினார். "இதான் உங்க மூலை. அவர் வாங்கினது இது. மரம், தரை, நாம எல்லாரும் உக்காந்திருக்கிற இடம், அத்தனையும் உங்களோடது. நான்தான் அடுத்தவர் இடத்துல இருக்கேன்." பிறகு, மன்னிக்க வேண்டும், ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு வெந்நீர்ப் பை முதுகில் ஆட, தன் வண்டிக் கழிப்பறைக்கு ஓடினார்.

அவர் திரும்பி வந்தபோது எல்லோரும் குனிந்து மூடியின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்டித் அந்த மரத்தின் கீழ் போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மூணு தடவை வண்டியை நகத்த வச்சீங்க," என்றாள். "என் நிலத்துல."

டெல்மர் அவள் வண்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் முறை நிறுத்தியது நன்றாகவே இருந்தது என்றார். அவள் தன் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலையில் டெல்மர் கொடிக்கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல்தான் பிடுங்கினார். ஆர்டித் வந்து, உங்கள் நிலத்தை எனக்குக் காட்டுங்கள் என்றாள். அந்தப் பாலைவனத்தில் எல்லோரும் சட்டைப் பையில் ஒரு சீப்பு வைத்திருப்பது தலை வாருவதற்கு அல்ல; ஒட்டிக்கொண்ட கள்ளியைக் கொக்கிபோட்டு இழுத்தெறிவதற்கு. ஆளுக்கொரு சீப்போடு ஓடையைத் தாண்டினார்கள். டெல்மரின் பின்பக்கத்தில் ஒட்டியதை ஆர்டித் சீப்பால் எடுத்தாள். அவள் முழங்கையில் ஒட்டியதை அவர் எடுத்தார். மேட்டின்மேல் ஏறியதும் அவள் நின்றாள். மலைகள் நீலமாக வரிசையாகத் தெரிந்தன. சத்தமே இல்லை.

ஊரில், மெர்ல் போன பிறகு, எதிரில் வருகிறவர்கள் எல்லாம் தலையைச் சாய்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள், அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறது என்று அவள் அப்போதுதான் சொன்னாள். பிறகு, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

டெல்மர் பேருந்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்த நேர்மையான மனிதர். அது அநியாயம் என்றார். அங்கே சமதரை, மரம், நிழல் எல்லாம் இருக்கிறது. அதுவும் மெர்ல் வாங்கி வைத்தது. இங்கே முள்ளைத் தவிர என்ன இருக்கிறது?

"மெர்ல் வாங்கினதைப் பாத்துட்டேன். அவர் எனக்கு வாங்கினது ஒரு மரம். நடுவுல நீங்க முளைச்சது அவருக்குத் தெரியாது," என்றாள் ஆர்டித். "இங்க நீங்க இல்லையே. அது போதும்."

முகாமே சேர்ந்து வண்டி போக ஒரு தடம் வெட்டியது. அன்று மாலை எல்லோரும் ஒருவர் பின்னால் ஒருவர் நின்று முதுகு சீவிவிட்டுக்கொண்டதைப் பார்த்தால், ஏதோ புதுவிதமான சர்ச் என்று யாராவது நினைத்திருப்பார்கள். செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கப் போனபோது, இப்படியும் ஒருவர் தாவும் கள்ளியைக் கேட்டு வாங்குவாரா என்று குமாஸ்தா இரண்டு முறை படித்துப் பார்த்தார். டெல்மர் கையெழுத்துப் போடுமுன் அவரை வெளியே கூட்டிப்போய், காரில் ஏற்றி, அந்த இரும்புக் கம்பியைக் காட்டி, குனிந்து தொடச் சொன்னார். குமாஸ்தாவுக்கு இதெல்லாம் வேலையில் சேராது. ஆனாலும் தொட்டார்.

அந்த வாரக் கடைசியில், பழைய வேன் ஒன்றில் இளம் தம்பதி ஒன்று வந்து, கண்ணாடியை இறக்கி, இது யாருடைய இடம், ராத்திரி தங்கலாமா என்று கேட்டது. டெல்மர் வாயைத் திறந்தார், மூடினார். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"என்னோடதுதான்," என்றார். "செவ்வாய்க்கிழமையில இருந்து."