மஞ்சள் தடவிய மண்ணீரல்

எழுதுகிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, பிறகு ஈப்போவில் மலாய்ப் பள்ளியில் ஐந்தாம் படிவம், அவ்வளவுதான். நாலு பேர் கூடினால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் உங்களைப் பிடித்து உட்கார வைத்துக் கதை சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பன்றி எந்த நோயால் செத்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத் தமிழில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த அளவு சொல்கிறேன்.

ஈப்போவில் கால்நடை நோய்களைச் சோதிக்கும் ஒரு லேப்பில் நான் உதவியாளன். வருகிற சதையைப் பதிந்து வாங்குவது, அரைத்துக் கொடுப்பது, முடிந்த பிறகு பாத்திரங்களை நீராவியில் அவித்துச் சுத்தம் செய்வது என் வேலை. பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து போகிறேன். பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

மருந்தே இல்லாத ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பற்றி எல்லோரும் பயந்துகொண்டிருந்த சமயம். ஒரு காலையில் ஓர் அக்கா டிபன் கேரியரோடு வந்து நின்றார். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட ஒரு பழைய தோட்டத்தில் இன்னும் சில வீடுகள் மிச்சம் இருக்கின்றன. அங்கிருந்து அவருடைய அண்ணன் மோட்டாரில் கூட்டி வந்திருந்தார். அக்காவின் பன்றி ஒன்று காதும் வயிறும் சிவந்து, தீனி எடுக்காமல் கிடந்து செத்துவிட்டது. அது மகளின் பிரசவம் நல்லபடியாக முடிய முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட பன்றி. கொட்டகையில் இன்னும் மூன்று இருந்தன. அந்த மூன்றுக்கும் என்ன ஆகும் என்பதுதான் அவர் கேட்க வந்தது.

கேரியரின் மேல்தட்டில் மண்ணீரல், கீழ்த்தட்டில் சிறுநீரகம். இரண்டையும் நன்றாகக் கழுவி, மஞ்சளும் உப்பும் அழுத்தித் தேய்த்து, வாழையிலையில் மடித்திருந்தார். கழுவாமல், எதுவும் படாமல், ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“மஞ்ச தேய்க்காம எப்படி தம்பி கொண்டாரது? வழியிலேயே நாறிப் போயிரும்லா,” என்றார் அக்கா.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலும் கறி எதுவானாலும் மஞ்சள் தேய்க்காமல் சட்டியில் ஏறாது.

எங்கள் டாக்டர் ஒரு சீனப் பெண், என்னைவிட வயதில் இளையவர். நாங்கள் மலாயில் பேசிக்கொள்வோம். மண்ணீரல் வீங்கிக் கறுத்திருப்பதைப் பார்த்தார். ஆப்பிரிக்கக் காய்ச்சலாக இருக்கலாம், வெகுநாளாக இங்கே இருக்கும் பழைய பன்றிக் காய்ச்சலாக இருக்கலாம், வைரஸே இல்லாமல் பாக்டீரியாவாகவும் இருக்கலாம், கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது என்றார். எதற்கும் சோதித்துப் பார்ப்போம் என்று அரைக்கச் சொன்னார்.

மொச்சைக்கொட்டை அளவு சதையை உள்ளேயிருந்து வெட்டி, அரைத்து, சுழலும் இயந்திரத்தில் வைத்துத் தெளிய விடுவோம். அதிலிருந்து வைரஸின் மரபுப்பொருளைப் பிரித்து பிசிஆர் இயந்திரத்தில் வைப்பார்கள். அது சூடாக்கும், ஆற்றும், மறுபடியும் சூடாக்கும். வைரஸ் துளி இருந்தாலும் அது பெருகிப் பெருகித் திரையில் ஒரு கோடு மேலே ஏறும். ஒவ்வொரு குழாயிலும் நாங்களே தீங்கில்லாத வேறொன்றையும் கலந்து வைப்போம். அதன் கோடு கட்டாயம் ஏற வேண்டும். அதுவும் ஏறாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. சோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம்.

அக்கா கொண்டுவந்த மண்ணீரலில் எந்தக் கோடும் ஏறவில்லை. நீர்க்கக் கலந்து மறுபடியும் வைத்தார்கள். அப்போதும் இல்லை. மஞ்சளும் உப்பும் ஊறிப்போய் வேலையைத் தடுத்துவிட்டன என்றார் டாக்டர்.

உயிரோடிருந்த மூன்றின் இரத்தத்தையும் எடுத்து வந்து பார்த்தார்கள். அதில் வைரஸ் இல்லை. ஆனால் இப்போதுதான் தொற்றியிருந்தால் இரத்தத்தில் இன்னும் தெரியாமல் இருக்கலாம். செத்த பன்றியிடமிருந்து பதில் கிடைக்காவிட்டால் மேலிடம் காத்திருக்காது, மூன்றையும் கொல்லச் சொல்லிவிடும். டாக்டர் அதை மறைக்காமல் சொன்னார். சதை அழுகினாலும் தொடை எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை பல நாள் தாங்கும், அங்கே மஞ்சளும் போயிருக்காது, புதைத்ததைத் தோண்ட வேண்டும் என்றும் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. பேச வேண்டியவன் நான். லேப் வேனில் தோட்டத்துக்குப் போனோம்.

செத்த பன்றியை முனியாண்டி கோயில் எல்லைக்குள்ளேயே புதைத்திருந்தார்கள். நேர்ந்துவிட்டது தவறிப்போனால் அங்கே அதுதான் வழக்கமாம். மஞ்சள் தண்ணீர் தெளித்து, சுருட்டு வைத்து மூடியிருந்தார்கள். அந்தக் கோயில் பூசாரியே அக்காவின் அண்ணன்தான். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார், பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“முனியாண்டிக்குக் கோவம் வந்தா நேரா உங்க லேப்புக்குத்தான் வருவாரு. டாக்டரு சீனப் பொண்ணு, நீ சர்ச்சுக்குப் போற ஆளு. யாருய்யா அங்க அவருக்குச் சுருட்டு பத்த வைப்பீங்க?”

பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். என் காது சூடானது. வேறு நாளாக இருந்தால் அப்போதே வேனில் ஏறியிருப்பேன். கொட்டகைப் பக்கம் மூன்று பன்றிகளும் தீனிக்குக் கத்திக்கொண்டிருந்தன. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

“அண்ணே, சாமி விஷயம் எனக்குத் தெரியாது. தோண்டுனா இந்த மூணும் பொழைக்கலாம், பொழைக்காமலும் போகலாம். தோண்டாட்டி மூணும் போயிரும். அது மட்டும் தெரியும்.”

அக்காதான் பேசினார். முனியாண்டி அந்தப் பன்றியை வேண்டாம் என்று தள்ளிவிட்டார், வேண்டுதலில் ஏதோ குறை என்று சுற்றியிருந்தவர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். மகளுக்கு அது நிறைமாதம்.

“சாமி வேணாம்னு சொன்னாரா, சீக்கு வந்து செத்துச்சான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தோண்டட்டும் அண்ணே.”

அண்ணன் கோயில் விளக்கை ஏற்றினார். பிறகு தேங்காய் உடைத்துக் கும்பிட்டுவிட்டு, எடுக்கிற எலும்பைத் திரும்பக் கொண்டுவந்து அதே குழியில் வைக்க வேண்டும் என்றார். யாரையும் கேட்காமல், கொண்டாரேன் அண்ணே என்று நான் சொல்லிவிட்டேன்.

வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு தோண்டினோம். நாற்றத்தைப் பற்றி எழுத வேண்டாம். பின்னங்கால் ஒன்றை மட்டும் எடுத்து இரண்டு பைக்குள் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்தோம். குழிக்குச் சுண்ணாம்பு போட்டு மூடி, மருந்து அடித்தோம். வேனில் வரும்போது, பூசாரி கடைசியாக என்ன கேட்டார் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். வைரஸ் இருந்தால் நினைத்தும் பார்க்காதே, இல்லாவிட்டால் அப்போது வந்து கேள் என்றார்.

எலும்பை அறுத்தபோது மஜ்ஜை பழுப்பு நிறத்தில் களிபோல் இருந்தது. அரைத்துக் கொடுத்தேன். அன்று மதியம் டாக்டர் என்னைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டார். நாங்கள் கலந்து வைத்ததன் கோடு நன்றாக ஏறியிருந்தது. ஆப்பிரிக்கக் காய்ச்சலின் கோடு தரையிலேயே கிடந்தது. பழைய பன்றிக் காய்ச்சலின் கோடும் அப்படியே. இந்த முறை இல்லை என்பதை நம்பலாம் என்றார். அடுத்த அறையில் அதே மஜ்ஜையைத் தடவி வைத்த தட்டில் ஊசிமுனை அளவு புள்ளிகள் பின்னர் முளைத்தன. வாயில் நுழையாத பெயருள்ள ஒரு பாக்டீரியா. தோலைச் சிவக்க வைத்துத் திடீரென்று கொல்லும். ஆனால் ஊசிக்கு அடங்கும்.

அக்காவுக்கு நானே போன் செய்தேன்.

“அப்ப சாமி கோவம் இல்லையா தம்பி?”

“சீக்குக்கா. ஊசி இருக்கு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “அண்ணன் எலும்பக் கேட்டாரு,” என்றார்.

டாக்டரின் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய் எலும்பைக் கேட்டேன். சோதனைக்கு வந்த எதுவும் எரியூட்டும் அடுப்புக்குத்தான் போக வேண்டும், அதுதான் விதி என்றார். எனக்கும் தெரியும். நான் வாக்குக் கொடுத்ததால்தான் தோண்ட விட்டார்கள், அதைக் காப்பாற்றாவிட்டால் அடுத்த பன்றி செத்தால் அங்கே யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள், சத்தமில்லாமல் புதைத்துவிடுவார்கள் என்றேன். மலாயில் அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. அவர் மேலதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். இரண்டு முறை நீராவியில் அவித்து, மூடி முத்திரையிட்டு, டாக்டரே கூட வந்து புதைப்பதானால் சரி என்று அனுமதி கிடைத்தது. அவிக்கும் வேலையை நான்தான் செய்தேன்.

மறுநாள் எலும்பை அதே குழியில் வைத்து மூடினோம். மூன்று பன்றிகளுக்கும் டாக்டர் ஊசி போட்டார். மதியத்துக்குள் லேப்புக்குத் திரும்பிவிட்டோம்.